ஒரு லைன் மட்டும் குடுங்க தம்பி

மதுரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்வோம். மாலை ஆறரை மணி. வரவேற்பு தொடங்க அரை மணி நேரம் இருக்கிறது. மேடைக்கு இடப்புறம் டிஜே தன் மேசையைப் போட்டு முடித்துவிட்டார். தரையில் இரண்டு பேஸ் பெட்டி, அவற்றின் மேல் கம்பத்தில் ஏற்றிய இரண்டு டாப், நடுவில் கன்ட்ரோலரும் லேப்டாப்பும். கேபிள்களை டேப் போட்டு ஒட்டியாகிவிட்டது. ஒரு பாட்டை ஓடவிட்டு, கடைசி வரிசை நாற்காலி வரை நடந்துபோய் நின்று கேட்டு, திரும்பி வந்து அப்போதுதான் டீ கிளாஸைக் கையில் எடுக்கிறார் அந்த இளைஞர்.

வாசலில் ஒரு வேன் வந்து நிற்கிறது. கீபோர்டு, தபேலா, ரிதம் பேடு, இரண்டு பாடகர்கள். பெண் வீட்டார் ஏற்பாடு செய்த மெல்லிசைக் குழு அது. டிஜேயை அமர்த்தியது மாப்பிள்ளை வீடு. இரண்டு வீட்டாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய குழுத் தலைவர் நேராக டிஜே மேசைக்கு வருகிறார்.

"தம்பி, செட் உங்களோடதா? எங்களுக்கு ஒரு லைன் மட்டும் குடுங்க தம்பி. நாலு பாட்டு பாடிட்டு எறங்கிருவோம்."

முடியாது என்றால், கல்யாண வீட்டில் பெரியவர் கேட்டும் முகத்தை முறித்துக்கொண்டார் என்று பெயர். சரி என்றால், அடுத்த முகூர்த்தத்துக்கு டாப் இல்லாமல் நிற்க நேரலாம். ஊர் ஊராகத் தன் செட்டை ஏற்றிக்கொண்டு போய்ப் பாட்டுப் போடும் டிஜேக்களுக்கு இது நன்கு பழகிய கேள்வி. கொடுப்பவர் நல்ல மனசுக்காரர், மறுப்பவர் கறார்க்காரர் என்று பார்ப்பவர்கள் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இந்த விஷயத்தில் மனசுக்கு உள்ள பங்கு கொஞ்சம்தான். மின்சாரத்துக்கும் சம்பளத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள பங்கு அதைவிடப் பெரியது.

முதலில் அந்த "ஒரு லைன்" என்ற சொல்லையே பிரித்துப் பார்க்கலாம். பாடகர்களுக்கு இரண்டு மைக். தபேலாவுக்கு இரண்டு. கீபோர்டுக்கு இடம், வலம் என்று இரண்டு. ரிதம் பேடுக்கு ஒன்று. மொத்தம் ஏழு. இப்போது டிஜேக்கள் பயன்படுத்தும் ஒரு சாதாரண கன்ட்ரோலரின் பின்பக்கத்தைப் பார்ப்போம். மைக் செருக இருப்பது ஒரே ஒரு துளை. கொஞ்சம் விலை கூடிய கருவிகளில் இரண்டு. கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் ஃபேன்டம் பவர் பெரும்பாலும் இதில் கிடையாது. இந்தக் கருவி ஓர் ஆள் பாட்டுப் போடவும், நடுநடுவே "எல்லாரும் கையைத் தூக்குங்க" என்று சொல்லவும் செய்யப்பட்டது. ஏழு வழிகளில் வரும் ஒலியைத் தனித்தனியாகச் சமாளிப்பது மிக்சரின் வேலை.

துளைகளின் எண்ணிக்கையோடு பிரச்சினை முடிந்தால் நல்லதுதான். ஒரு மைக்கிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது, ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. கீபோர்டிலிருந்து வரும் லைன் சிக்னல் ஏறக்குறைய 1 வோல்ட்டைத் தொடும். இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். அவசரத்தில் யாராவது கீபோர்டு வயரை மைக் துளையில் செருகினால் முதல் சுரமே பிளந்துகொண்டு வரும். சேனலைத் திறந்துவைத்தபடி ஜாக்கை உருவினால் மண்டபமே அதிர "டப்" என்று ஒரு சத்தம். சின்னப் பையன்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். டாப்புக்குள் இருக்கும் மெல்லிய காயிலுக்குக் காதைப் பொத்திக்கொள்ளக் கை இல்லை.

டிஜேக்களின் தயக்கத்துக்கு இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதை வெளியில் விளக்கிச் சொல்பவர்கள் குறைவு. பதிவான பாட்டு அடங்கின ஒலி. டிஜிட்டல் கோப்பில் பூஜ்ஜிய டெசிபெல் என்பது கூரை. எந்தப் பாட்டும் அதைத் தாண்ட முடியாது. பாட்டு வெளியாவதற்கு முன்பே மாஸ்டரிங் செய்பவர் அதன் மேடுபள்ளங்களை நிரவி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார். எனவே ஒரு டிஜே முதல் பாட்டில் அளவைச் சரியாக வைத்துவிட்டால், இரவு முழுவதும் தன் பெட்டிகளுக்கு என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

மேடையில் நிற்கும் மனிதக் குரலுக்கு அப்படிக் கூரை இல்லை. மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தவர் சரணத்தில் உச்சஸ்தாயிக்குப் போவார். "ப" என்று தொடங்கும் சொல்லை மைக்கோடு வாயை ஒட்டிச் சொல்வார். தபேலாவில் ஓர் ஓங்கிய அடி விழும். மைக் கைநழுவித் தரையில் விழும். ஒரு நொடியில் 20 டெசிபெல் எகிறுவது இங்கே சாதாரணம். 20 டெசிபெல் என்றால் மின்திறனில் நூறு மடங்கு. ஆம்ப் அதைத் தாங்க முடியாமல் போகும்போது ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. முகப்பில் சிவப்பு விளக்கு எரிவது அதற்காகத்தான். இப்படி வெட்டுப்பட்ட அலையில் மேல்ஸ்தாயி ஆற்றல் கூடிவிடும். அது போய் இறங்குமிடம் டாப்பின் சின்ன டிரைவர். அங்குள்ள காயில் சூடேறி, ஒரு கட்டத்தில் கருகுகிறது. இன்றைய பவர்டு ஸ்பீக்கர்களுக்குள்ளேயே லிமிட்டர் இருக்கிறது, பெரும்பாலான தவறுகளை அது தாங்கிக்கொள்ளும். ஆனால் இரவெல்லாம் சிவப்பிலேயே ஓட்டுவதற்கு அது காப்பீடு ஆகாது.

அடுத்தது மைக் ஊளையிடுவது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி திரும்ப மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கே போய்ச் சுழலும்போது அந்தக் கூவல் பிறக்கிறது. இதை ஆராய்ந்த டென்மார்க் அறிவியலாளர் சோரன் லார்சனின் பெயரால் லார்சன் விளைவு என்று இதற்குப் பெயர். டிஜே செட்டில் இது வர வாய்ப்பு ஏன் அதிகம் என்பதற்கு அந்தப் பெட்டிகள் நிற்கும் இடமே பதில். ஆடுகிறவர்களைப் பார்த்தபடி டாப்புகளை நிறுத்தியிருப்பார்கள். பாடகர் ஒருவர் மக்களோடு கலந்து பாடும் உற்சாகத்தில் மைக்கோடு அந்த டாப்புக்கு முன்னால் இறங்கி வந்தால் போதும், மண்டபம் அலறும். பாடகர் தன் குரலைத் தானே கேட்க மேடையில் ஒரு மானிட்டர் வேண்டும். டிஜே செட்டில் பெரும்பாலும் அது இருக்காது, அவருக்கு ஹெட்ஃபோன் போதும். தன் குரல் கேட்காத பாடகர் "மைக்க ஏத்துங்க, ஏத்துங்க" என்று சைகை காட்டிக்கொண்டே இருப்பார். ஏற்ற ஏற்ற ஊளை நெருங்கும். அன்றைக்குப் பாட்டு நன்றாக அமையாததற்கு யார் பெயர் கெடும்? பாடகரின் பெயரும் கெடும், செட்டுக்காரர் பெயரும் கெடும். இருவருமே தங்கள் வேலையைத் தெரிந்தவர்கள் என்பதுதான் இதில் வருத்தம்.

இதற்கெல்லாம் நம் ஊரில் முன்பு ஒரு வழி இருந்தது. கோயில் திருவிழாவுக்கு விழாக் கமிட்டி நாடகத்தை ஒரு பக்கம் பேசி முடிக்கும், வில்லுப்பாட்டை இன்னொரு பக்கம் பேசி முடிக்கும். மைக் செட்டைத் தனியாக வேறொருவரிடம் பேசும். கூம்பு ஒலிபெருக்கி, ஆம்ப், இரண்டு மூன்று மைக் எல்லாம் அவருடையது. நாதஸ்வரக்காரரும் சொற்பொழிவாளரும் நாடகக் கோமாளியும் ஒரே மைக்கில்தான் ஒலித்தார்கள். யாரும் யாரிடமும் லைன் கேட்கவில்லை. மைக் செட்காரர் யாருடைய ஆளும் இல்லை, எல்லோருக்கும் பொதுவான ஆள். அவருக்குக் கூலி கமிட்டி கொடுத்தது. நிகழ்ச்சிகளுக்கு நடுவே இசைத்தட்டுப் போட்டதும் அவர்தான். பின்னாளில் அது கேசட்டானது. இன்றைய டிஜேக்கு நம் ஊரில் ஒரு மூதாதை உண்டென்றால் அவர் இந்த மைக் செட்காரர்தான்.

கடலுக்கு அப்பாலும் கதை ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கியது. ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க் பிராங்க்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் பாட்டுப் போட்டவர் டிஜே கூல் ஹெர்க். கிங்ஸ்டனில் பிறந்து பன்னிரண்டு வயது வாக்கில் அமெரிக்கா வந்தவர். அவருடைய அப்பா ஒரு ரிதம் அண்ட் புளூஸ் குழுவுக்கு ஒலி பார்த்தவர். அந்தக் குழுவுக்காக ஷூர் நிறுவனத்தின் ஒலி செட் ஒன்றை வாங்கியிருந்தார். குழு ஓய்வெடுக்கும் இடைவேளைகளில் அதே செட்டில் மகன் இசைத்தட்டுப் போட்டார். அவருடைய தங்கை சின்டி ஏற்பாடு செய்த அந்த ஆகஸ்ட் விருந்துக்கு நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. உலகத்தையே ஆட்டிவைத்த ஓர் இசையின் தொடக்கத்தில், ஒரு குழு தன் செட்டை ஒரு டிஜேக்கு விட்டுக்கொடுத்த கதை இருக்கிறது. இன்று லைன் கேட்டு நிற்கும் பாடகரைப் பார்க்கும் டிஜேக்கள் இதை மறக்காமலிருப்பது நல்லது.

ஹெர்க் பிறந்த ஜமைக்காவில் ஒலி செட்டுகளைச் சுற்றியே ஒரு பண்பாடு வளர்ந்தது. கிங் டப்பி என்ற வானொலி பழுதுபார்க்கும் மெக்கானிக் தன் கையால் ஆம்ப் கட்டி ஒரு செட்டை நடத்தினார். யு-ராய் போன்றவர்கள் அதன் மைக்கைப் பிடித்துத் தாளத்துக்கு மேல் பேசிப் பாடிப் புகழ்பெற்றார்கள். மைக் அவர்கள் கையில், ஆம்பின் குமிழ் செட்டின் ஆட்கள் கையில். அந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை.

இப்போது மண்டபத்துக்குத் திரும்பலாம். டிஜே தன் செட்டைத் தானே கொண்டுவந்தபோது, பழைய மைக் செட்காரரின் பெட்டிகள் மண்டபத்துக்குள் வந்துவிட்டன. எல்லோருக்கும் பொதுவாக நிற்கும் அந்த ஆள் மட்டும் வரவில்லை. டிஜேக்குப் பேசிய சம்பளம் பாட்டுப் போடுவதற்கு. லைன் கேட்கும் குழு தெரிந்தோ தெரியாமலோ கேட்பது, அன்று யாரும் அமர்த்தாத அந்த மூன்றாவது ஆளை. ஏழு சேனலைப் பார்த்துக்கொள்ள, மானிட்டர் வைக்க, ஊளை வந்தால் ஓடிப்போய் இறக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலை இலவசமாக நடக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வதில்தான் மனத்தாங்கல் பிறக்கிறது. பெட்டியைப் பகிர்வது எளிது. அந்த வேலைக்கு யார், எவ்வளவு கொடுப்பது என்பதை முந்தைய வாரமே பேசியிருக்க வேண்டும்.

பேசியிருந்தால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எல்லாவற்றிலும் சுத்தமான வழி, குழு தன் சொந்த மிக்சரோடு வருவது. நான்கு மைக் போடக்கூடிய சின்ன மிக்சர்கள் யமஹா போன்ற நிறுவனங்களிலேயே உண்டு. ஒரு பைக்குள் அடங்கிவிடும். குழு தன் ஒலியையெல்லாம் அதில் கலந்து, இடம் வலம் என்ற இரண்டே வயர்களாக டிஜேயிடம் கொடுக்கிறது. அவர் அதைத் தன் செட்டில் ஒரு சேனலாக வாங்கி, தேவையற்ற அடிக்கனத்தை வெட்டி, அளவைத் தன் கையில் வைத்துக்கொள்கிறார். குரலின் இனிமை குழுவின் பொறுப்பு, மொத்தச் சத்தம் டிஜேயின் பொறுப்பு. அப்போதுதான் "ஒரு லைன்" என்ற சொல்லுக்கு உண்மையிலேயே அர்த்தம் வருகிறது.

வீடியோ எடுப்பவர் பதிவுக்கு ஒலி கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். வெளியே போகும் சிக்னலால் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமா வாழ்த்திப் பேச மைக் கேட்டால் கொடுக்காமல் இருப்பது மண்டபத்தில் வேலை செய்வதற்கே பொருந்தாது. அத்தை மகள்கள் ஆடப்போகும் பாட்டை ஃபோனில் வைத்துக்கொண்டு வருவார்கள்; ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு வாங்கினால், நடுப்பாட்டில் யாரோ கூப்பிடும் மணி ஒலிக்காது. அதைவிட, பாட்டை முன்னாலேயே பென் டிரைவில் வாங்கிவைப்பது நல்லது.

கிராமியக் கலைஞர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பறைக்கும் தவிலுக்கும் மண்டபத்துக்குள் மைக்கே வேண்டாம், அவற்றின் குரலே போதும். ஆனால் அந்தக் குழுவில் பாடுபவர் இருந்தால் அவருக்கு ஒரு மைக் வேண்டும். சொந்தமாக ஒலிக்கருவி வாங்கும் வசதி அவர்களில் பலருக்கு இல்லை. அப்படி வருபவருக்கு ஒரு டைனமிக் மைக்கைக் கொடுத்து, ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்று அளவு பார்த்துத் தருவது டிஜேக்குப் பெரிய செலவில்லை. அவர் பாட்டு கடைசி வரிசைக்குக் கேட்பதும் கேட்காமல் போவதும் அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. இங்கே கூலிக்கணக்கு பார்ப்பது சரியில்லை.

எதைப் பகிர்வது, எதைப் பகிரக்கூடாது என்பதற்கு டிரம்மர்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. பல குழுக்கள் வாசிக்கும் விழாக்களில் பெரிய டிரம் கிட் ஒன்றுதான் மேடையில் இருக்கும். ஆனால் ஸ்னேர், சிம்பல்கள், கால் பெடல் ஆகியவற்றை ஒவ்வொருவரும் தன்னுடையதையே கொண்டுவருவார். கையும் காலும் நேரடியாகப் படும், சீக்கிரம் தேயும் பொருள்கள் அவை. கிளப்புகளில் கருவிகள் எல்லாம் கிளப்புடையவை; இசைத்தட்டுக் காலத்தில் அங்கே போன டிஜேக்களில் பலர் ஊசியை மட்டும் பையில் எடுத்துப் போனார்கள். அந்த வழக்கத்தை நம் மண்டபத்துக்குக் கொண்டுவந்தால், ஸ்பீக்கர் பொது, மைக்கும் வயரும் அவரவருடையது. ஒருவர் வாயோடு ஒட்டிய மைக்கை அடுத்தவரும் ஒட்டிக்கொள்வது உடம்புக்கும் நல்லதில்லை. 1966 முதல் மேடைகளில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 மைக்கின் தலைவலையைத் திருகிக் கழற்றிக் கழுவ முடியும் என்பது, அதை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் பலருக்கும் தெரியாது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றும் இருக்கிறது. 1972இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் பாய்ந்து இறந்துபோனார். மேடையில் எர்த் சரியாக இல்லை. இருவேறு ஆட்களின் கருவிகளை ஒன்றாக இணைக்கும்போது இந்த ஆபத்து கூடுகிறது. டிஜேயின் செட் ஜெனரேட்டர் லைனில் ஓடும்; கீபோர்டு மேடைச் சுவரில் இருக்கும் வேறொரு பிளக்கில் ஓடும். இரண்டுக்கும் எர்த் வேறுபட்டால் குறைந்தபட்சம் 50 ஹெர்ட்ஸ் "ம்ம்ம்" என்ற இரைச்சல் வரும். அந்த இரைச்சலை அடக்க மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிடும் பழக்கம் கொடியது. இரைச்சலை நீக்க டிஐ பாக்ஸ் என்று கைக்கு அடக்கமான ஒரு பெட்டி இருக்கிறது. அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் ஒலி வயரின் எர்த் இணைப்பை மட்டும் பிரிக்கும், மின்சார எர்த் அப்படியே இருக்கும். எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து, எர்த் சோதித்த எக்ஸ்டென்ஷனில் மின்சாரம் கொடுப்பது இன்னும் நல்லது. பாடகர் கையில் மைக்கைக் கொடுப்பதற்கு முன் டிஜே பார்க்க வேண்டிய முதல் விஷயம் இது.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். ஒலி மாசு விதிகள் 2000இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. மண்டபம் போன்ற மூடிய இடங்களுக்குள் கேட்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. திருவிழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்த்தலாம். பொது இடத்தின் எல்லையில் சத்தம், அந்தச் சுற்றுப்புற அளவைவிட 10 டெசிபெலுக்கு மேலோ, 75 டெசிபெலுக்கு மேலோ போகக்கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. வரம்பை மீறும் ஒலிபெருக்கிகளையும் ஆம்புகளையும் பறிமுதல் செய்ய மாநிலங்கள் வகைசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் சொல்லியிருக்கிறது. திறந்தவெளி வரவேற்பில் ஒன்பதே முக்காலுக்கு மேடையேறிய குழு, உற்சாகத்தில் பத்தேகாலைத் தாண்டிப் பாடுகிறது என்றால், போலீஸ் ஜீப்பில் ஏறப்போவது டிஜேயின் ஆம்ப். எனவே தன் செட்டைக் கொடுப்பவர் முடிக்கும் நேரத்தைச் சொல்லியே கொடுக்க வேண்டும். நேரமானதும் அளவை இறக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதைக் குழுவும் ஏற்க வேண்டும்.

பிரிட்டனில் பல மண்டபங்கள் டிஜேயை உள்ளே விடுவதற்கு முன்பே பொதுப் பொறுப்புக் காப்பீடும், மின்கருவிகளைச் சோதித்ததற்கான சான்றும் கேட்கின்றன. இங்கே அப்படிக் கேட்கும் மண்டபத்தைக் காண்பது அரிது. கேட்காதவரை, டாப் கருகினால் யார் பணம் கொடுப்பது என்பதை ஒரு வாட்ஸ்அப் செய்தியிலாவது எழுதி வாங்கிக்கொள்வது டிஜேக்கும் நல்லது, குழுவுக்கும் நல்லது. அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தபேலாக்காரர் தன் தபேலாவை அடுத்தவர் அடிக்க விடுவாரா? டிஜேக்கு ஸ்பீக்கரும் அப்படித்தான்.

மண்டபத்தில் மணி 6.40. பெரியவர் இன்னும் மேசைக்கு முன்னால்தான் நிற்கிறார்.

"அண்ணே, மிக்சர் கொண்டாந்திருக்கீங்களா?"

"இருக்கு தம்பி, வேன்ல கெடக்கு. இங்க தேவைப்படாதுன்னு எறக்கல."

"அத எறக்குங்கண்ணே. அதுலேர்ந்து ரெண்டு வயர் மட்டும் எனக்குக் குடுங்க. கரன்ட் என் எக்ஸ்டென்ஷன்லயே எடுத்துக்கங்க. பாடுறவங்க இந்த டாப்புக்குப் பின்னாடியே நிக்கணும். மானிட்டருக்கு எங்கிட்ட ஒரு சின்னப் பெட்டி எக்ஸ்ட்ரா இருக்கு, அத மேடையில வச்சிரலாம். வேலைக்கு என்னன்னு பொண்ணு வீட்ல நீங்களே ஒரு வார்த்தை பேசிருங்க."

பெரியவர் தலையாட்டிவிட்டு வேனை நோக்கிக் குரல் கொடுக்கிறார். பத்து நிமிடத்தில் வயர் வந்து சேர்கிறது. கீபோர்டில் முதல் சுரம் விழுகிறது. டிஜே ஆறிப்போன டீயை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, கடைசி வரிசை நாற்காலியை நோக்கி மறுபடியும் நடக்கத் தொடங்குகிறார்.